1.10-இல் நிற்கும் முள்

செய்முறைக் கையேட்டின் நாற்பத்தேழாம் பக்கத்தில் இரண்டு முகவைகள் வரையப்பட்டிருக்கின்றன. இடப்பக்க முகவையில் ஒரு துத்தநாகத் தகடு நிற்கிறது; அதன் கீழே ‘செப்பு சல்பேட் கரைசல்’ என்று அச்சாகியிருக்கிறது. வலப்பக்கத்தில் செப்புத் தகடு. கீழே ‘துத்தநாக சல்பேட் கரைசல்’. இரண்டு முகவைகளிலும் காலை விட்டுக்கொண்டு வளைந்து நிற்கும் கண்ணாடிக் குழாய்க்கு உப்புப் பாலம் என்று பெயர். மேலே வோல்ட்மீட்டர். அதன் முள் 1.10-ஐக் காட்டுகிறது. மிக அழகான படம். ஒரே ஒரு குறை, கரைசல்களின் பெயர்கள் இடம் மாறி அச்சாகிவிட்டன.

அவரவர் தகடு அவரவர் கரைசலில் நிற்க வேண்டும். துத்தநாகம் துத்தநாக சல்பேட்டில், செம்பு செப்பு சல்பேட்டில். அப்போதுதான் துத்தநாகம் விடுகிற எலக்ட்ரான் வேறு வழியில்லாமல் கம்பியில் ஏறி, மீட்டரைக் கடந்து, செம்பின் பக்கம் போய்ச் சேரும். துத்தநாகத்தைக் கொண்டுபோய் நேரே நீலக் கரைசலிலேயே நிறுத்திவிட்டால் அதற்குக் கம்பி எதற்கு? நின்ற இடத்திலேயே கைமாற்றிவிடும். தகட்டின் மேல் செம்பு பழுப்பாகப் படியும், நீலம் வெளுக்கும், முள் அரை வோல்ட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கீழே இறங்கிவிடும்.

நான் படித்த பள்ளியில் வோல்ட்மீட்டரே கிடையாது. இருந்தாலும் எந்தத் தகடு எதில் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால் வேதியியல் ஆசிரியராக வேலையில் சேர்ந்த முதல் வருடமே தலைமையாசிரியையிடம் போனேன்.

“மேடம், கையேட்டுல நாப்பத்தேழாம் பக்கம் தப்பா இருக்கு.”

அவர் வருகைப் பதிவேட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. “நாப்பத்தாறு?”

“நாப்பத்தாறு சரியா இருக்கு மேடம்.”

“அப்ப நாப்பத்தாறு வரைக்கும் நல்லா நடத்துங்க.”

கடிதம் எழுதுவதில் எனக்கு ஒரு முறை உண்டு. பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். நகல் எடுத்துக் கோப்பில் வரிசை எண் போட்டு வைப்பேன். பள்ளிச் செய்முறைகள் இயக்ககத்துக்கு முதல் கடிதம் அப்படித்தான் போயிற்று. கையேட்டில் உள்ளபடி செய்தால் முதலில் 0.52, ஐந்து நிமிடத்தில் 0.31, பத்து நிமிடத்தில் 0.12. தகடுகளைக் கழுவி இடம் மாற்றி வைத்தால் 1.08. அட்டவணை இணைக்கப்பட்டுள்ளது. இப்படிக்கு.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. “தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. கையேடு, கையேட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. வேறுபாடு ஏதும் இல்லை. தகடுகளைத் தாங்களாகவே இடம் மாற்றியது விதிமீறல் எனினும் முதல் முறை என்பதால் பொறுத்துக்கொள்ளப்படுகிறது. மீட்டரைச் சரிபார்ப்புக்கு அனுப்பி வைக்கவும்.”

இரண்டாவது கடிதத்தோடு மீட்டரை அனுப்பினேன். பதினான்கு மாதம் கழித்துத் துணியில் சுற்றி, நாலு பக்கமும் அரக்கு முத்திரை வைத்துத் திரும்பி வந்தது. ஒரு அட்டை தொங்கியது: ‘சரிபார்க்கப்பட்டது. பிரிக்கக் கூடாது.’

அந்த வருடம் பிள்ளைகள் கம்பியின் இரண்டு முனையையும் பொட்டலத்தின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு செய்முறைத் தேர்வு எழுதினார்கள். அத்தனை பேரும் 1.10 என்று எழுதினார்கள். ஒருத்தன் மட்டும் 1.11 என்று எழுதினான். கவனக்குறைவுக்காக அரை மதிப்பெண் குறைத்தேன். குறைத்துவிட்டுச் சிவப்பு மையை மூடியபோதுதான், எதைப் பார்த்துக் குறைத்தேன் என்று யோசித்தேன்.

மூன்றாவது கடிதத்தில் குரலைக் கொஞ்சம் உயர்த்தியிருந்தேன். ‘வேதனையுடன்’ என்ற சொல்லை இரண்டு இடத்தில் பயன்படுத்தியிருந்தேன். அதற்குப் பதில் வரவில்லை. குழுவே வந்தது.

துணை இயக்குநர் ஒருவர், அவருடன் ஐந்து பேர். ஐவரில் ஒருவர் கையேட்டைச் சுமந்து வந்தார். ஒருவர் அதைப் பிரித்தார். ஒருவர் பொட்டலத்தின் அரக்கை உடைக்கும் அதிகாரம் பெற்றவர். மற்ற இருவரும் உடைத்ததற்குச் சாட்சி. எங்கள் ஆய்வகத்தில் மேசை நாலு, நாற்காலி மூன்று. ஆய்வக உதவியாளரைப் பள்ளியில் எல்லோருமே, தலைமையாசிரியை உட்பட, அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஓடிப்போய் வகுப்பறையிலிருந்து பெஞ்சுகளைத் தூக்கி வந்தார்.

நாற்பத்தேழாம் பக்கத்தில் உள்ளபடியே கலத்தை அமைத்தேன். முள் எழுந்தது, தயங்கியது, இறங்கத் தொடங்கியது. ஆறு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

“முள்ளு ஏன் இறங்குது?” என்றார் துணை இயக்குநர்.

“தகடு தப்பான கரைசல்ல நிக்குது சார்.”

“நான் தகட்டைப் பத்திக் கேக்கல. முள்ளைப் பத்திக் கேட்டேன்.”

“தகட்டை மாத்தி வெச்சா முள்ளு தானா ஏறும் சார். ரெண்டே நிமிஷம். காட்டட்டுமா?”

“கைய எடுங்க.” கையேட்டைச் சுமந்து வந்தவர் என் கைக்கும் முகவைக்கும் நடுவில் கையேட்டை நீட்டினார். துணை இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தம்பி, உங்களுக்குக் கெமிஸ்ட்ரி தெரியும். எனக்கு நிர்வாகம் தெரியும். இந்தப் பக்கம் அச்சாகி இருபத்தேழு வருஷம் ஆகுது. இருபத்தேழு வருஷமா லட்சக்கணக்கான பிள்ளைங்க 1.10ன்னு எழுதிப் பாஸாகியிருக்காங்க. அதுல டாக்டர் இருக்காங்க, இன்ஜினியர் இருக்காங்க. நானே அப்படிப் பாஸானவன்தான். நீங்க ஒருத்தர் வந்து, முள்ளு இறங்குதுன்னா, அத்தனை பேரையும் எந்த இடத்துல இறக்கறது? சொல்லுங்க.”

நான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

“பக்கத்தை மாத்தணும்னா திருத்தக் குழு கூடணும். திருத்தக் குழு கூடணும்னா தப்பு இருக்குன்னு யாராவது சான்று தரணும். தப்பு இருக்குன்னு சான்று தர்றவர், இத்தனை வருஷம் ஏன் சொல்லலன்னு விளக்கம் தரணும். அந்தக் குழுவுல இருக்கிறவங்களுக்கும் குடும்பம் இருக்குல்ல?” அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “முள்ளு ஒண்ணுதான். அது ஒண்ணைச் சரிபண்ணுங்க. எப்படின்னு நாங்க சொல்லமாட்டோம். ஆசிரியரோட படைப்பாற்றல்ல இயக்ககம் எப்பவும் தலையிட்டதில்ல.”

குழுவின் அறிக்கை அடுத்த வாரமே வந்தது. இயக்ககத்திலிருந்து இவ்வளவு சீக்கிரம் வந்த கடிதம் அது ஒன்றுதான். இந்தப் பள்ளியில் முள் ஒழுங்கு போதாது. தேர்வுக்கு முன்பாக முள் 1.10-இல் நிலையாக உள்ளது என்று பொறுப்பாசிரியர் சான்று அளிக்க வேண்டும். தவறினால் ஆய்வகத்தின் அங்கீகாரம் ரத்தாகும்.

ஒரு மாலை, பிள்ளைகள் போன பிறகு, மீட்டரின் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பசை தடவிப் பார்த்தேன். காய்வதற்குள் முள் சறுக்கியது. அக்கா சிங்க்கில் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் நகங்களில் ரோஜா நிறப் பூச்சு. எங்கள் பள்ளியில் நகப்பூச்சுப் பூசி வருகிறவர் அவர் ஒருவர்தான். “ஆசிட்ல நகமெல்லாம் மஞ்சளாப் போச்சு சார், பார்க்கச் சகிக்கல” என்று ஒருமுறை காரணம் சொல்லியிருந்தார்.

“அக்கா, அந்தப் பாட்டில் கையில இருக்கா?”

அவர் என்னைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார். புரிந்துகொண்டார். கையைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து எடுத்து வந்து மேசையில் வைத்தார். உடனே போகவில்லை.

“சார், இது என்னோடதுன்னு யாருக்கும் தெரிய வேண்டாம். வருஷா வருஷம் என் வேலையப் புதுப்பிக்கறாங்க. ஒரு சின்ன காரணம் கெடச்சாப் போதும்.”

“நான் எதுக்குக்கா சொல்லப்போறேன்?”

முள்ளை 1.10-க்குத் தள்ளி, அதன் அடியில் ஒரு சொட்டு வைத்து, ஊதினேன். ஐந்து நிமிடத்தில் காய்ந்தது. சான்று எழுதினேன்: ‘முள் 1.10-இல் நிலையாக உள்ளது.’ பொய் சொல்லவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

அதன்பிறகு எல்லாம் நன்றாக நடந்தது. எங்களுடையது ‘முன்மாதிரி ஆய்வகம்’ ஆனது. பாராட்டுக் கடிதத்தைத் தலைமையாசிரியை சட்டம் போட்டு மாட்டினார். கலம் சில சமயம் 1.08 காட்டலாம், 1.05 காட்டலாம், கரைசல் பழசானால் இன்னும் குறையலாம். எங்கள் மீட்டருக்கு அந்தப் பலவீனம் எதுவும் கிடையாது. எட்டுப் பள்ளிகளின் ஆசிரியர்கள் வந்து பார்வையிட்டார்கள். ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு என்னை ஓரமாக அழைத்துக் கேட்டார்: “என்ன பசை சார்?” சொன்னேன். குறித்துக்கொண்டார். தகட்டை இடம் மாற்றலாமே என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடிதம் எழுதுவதையும் அந்த வருடத்தோடு நிறுத்திவிட்டேன்.

முள் ஒட்டி நாலாவது வருடம் ஒரு பெண் பத்தாம் வகுப்புக்கு வந்தாள். வகுப்பில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். எதையாவது சொன்னால் “அதுக்கு என்ன சார் அத்தாட்சி?” என்பாள். அவள் அம்மாவுக்குப் பேருந்து நிறுத்தத்தின் எதிரே வண்டி பேட்டரிக் கடை. பள்ளி விட்டதும் அவளும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவாள். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவாள், மீட்டர் வைப்பாள். மின்னியல் டிப்ளமாவில் சேர வேண்டும் என்பது அவள் எண்ணம். அதற்கு வேதியியல் செய்முறையில் இருபதுக்குப் பத்தாவது வேண்டும்.

நான் மின்கலம் நடத்திய அன்று கை தூக்கினாள்.

“சார், எங்க கடையில கம்பி தொட்டாத்தான் மீட்டர் நகரும். எடுத்தா ஜீரோவுக்கு வந்துடும். இது எப்பவும் ஒரே இடத்துல நிக்குதே?”

“அது கடை மீட்டர். இது அரசு மீட்டர்” என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

செய்முறைத் தேர்வன்று வெளித் தேர்வாளராக வந்தவர் ஓய்வு பெற ஆறு மாதமே இருந்த ஒரு பெரியவர். சன்னலோரம் உட்கார்ந்து மாணவர்களின் பதிவேடுகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வக்கீல் மூன்றாவது மேசையில் கலத்தை அமைத்தாள். துத்தநாகத் தகட்டை எடுத்துப் பழுப்பைப் பார்த்தாள். கம்பியைக் கழற்றினாள். முள் நின்றது. மாட்டினாள். நின்றது. உப்புப் பாலத்தையே தூக்கி எடுத்து வெளியே வைத்தாள். நின்றது. பிறகு கண்ணாடிக்கு மிக அருகே முகத்தைக் கொண்டுபோய்ச் சாய்த்து, முள்ளின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து சிங்க் அருகே நின்ற அக்காவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் கரும்பலகையில் இல்லாத எதையோ அழித்தேன்.

விடைத்தாளில் அளவீட்டுக் கட்டத்தைக் காலியாக விட்டு, கீழே எழுதியிருந்தாள்: “கம்பியைக் கழற்றிய பிறகும் முள் 1.10-இல் நிற்கிறது. ஆகவே இது கலத்தின் அளவீடு அல்ல. துத்தநாகத் தகட்டில் செம்பு படிகிறது. தகடுகள் இடம் மாறி இருக்கின்றன என்று நினைக்கிறேன்.”

அளவீட்டுக்கு எட்டு, அதை வைத்துப் போடும் கணக்குக்கு நாலு. இரண்டும் போயின. பதிவேட்டுக்கு நாலு, வாய்மொழிக்கு நாலு, இரண்டும் முழுசாக வந்தன. ஆக எட்டு.

பெரியவர் தாளை இரண்டு முறை படித்தார். “பொண்ணு நல்லாப் பதில் சொல்லுது. ரெண்டு மார்க்குல நிக்குது. எதுலயாவது போட்டுக் குடுங்க சார், நான் கையெழுத்துப் போட்டுடறேன். எனக்கு என்ன, ஆறு மாசம்.”

போட்டிருக்கலாம். பேனா என் கையில்தான் இருந்தது. ஆனால் அந்தத் தாளுக்கு மதிப்பெண் போட்டால் அந்த வாக்கியத்துக்கும் மதிப்பெண் போட்டதாக ஆகும். அப்படி ஆகிவிட்டால் யாராவது மீட்டரைக் கேட்பார்கள். கேட்டால் கண்ணாடியைக் கழற்றுவார்கள்.

“விதி இடம் கொடுக்காது சார்” என்றேன்.

பெரியவர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். “சரி, உங்க ஸ்கூல்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

முடிவு வந்த மறுநாள் அவள் அம்மா வந்தார். விரல் நுனியெல்லாம் அமிலம் பட்டு வெந்து தழும்பேறிய கைகள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“சார், எங்க கடையில ஒரு பழக்கம் உண்டு. பேட்டரிய நாங்க அளந்து சொன்னா ஆளுங்க நம்பமாட்டாங்க. அதனால மீட்டரை அவங்க பக்கம் திருப்பி, ‘நீங்களே படிங்க, நீங்களே எழுதுங்க, கையெழுத்துப் போடுங்க’ம்போம். அப்படியே வளர்ந்த பொண்ணு. காட்டாததை எழுதுன்னா எப்படி சார் எழுதும்?”

“மேல்முறையீடு போடுங்கம்மா. விசாரிப்பாங்க.”

“அந்த விசாரணையில நீங்க இருப்பீங்கல்ல?”

“இருப்பேன்.”

“அப்ப சரி” என்றார் அந்த அம்மா. ஆறுதலோடு சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விசாரணைக்கு முதல் நாள் வீட்டில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். நாலு வருடத்துக்குப் பிறகு எழுதிய கடிதம். முள்ளை ஒட்டியது நான்தான், இன்ன தேதியில், இன்ன விதமாக. மூன்று பக்கம். நாலு பேருக்கு நகல். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இயக்ககத்துக்குப் போனேன்.

நீள மேசைக்குப் பின்னால் அதே துணை இயக்குநர். இப்போது இணை இயக்குநர். மேசை மேல் எங்கள் மீட்டர், கழுத்தில் ‘சான்றாவணம் 1’ என்ற அட்டையோடு. வக்கீல் பள்ளிச் சீருடையிலேயே வந்திருந்தாள். அம்மாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

“உன்னைப் பாழாக்கணும்னு இங்க யாருக்கும் ஆசையில்லம்மா” என்று ஆரம்பித்தார் இணை இயக்குநர். “பேனா தர்றோம். காலியா இருக்கிற கட்டத்துல 1.10ன்னு எழுதிடு. எட்டு மார்க் இப்பவே போடறோம். முடிஞ்சுது.”

“கம்பி இல்லாம காட்டினது எதோட வோல்டேஜ் சார்?”

“அது பாடத்திட்டத்துல இல்ல.”

“அப்ப நான் எதை அளந்ததா எழுதறது?”

“எழுதறதுக்கும் அளக்கறதுக்கும் என்னம்மா சம்பந்தம்? எழுதறது தேர்வு. அளக்கறது உன் சொந்த விருப்பம்.” அவர் பெருமூச்சு விட்டார். “சரி. விதி முப்பத்திரண்டு. கருவியில் கோளாறு, அதற்கு இன்ன காரணம் என்று காட்டினால் மறுதேர்வு உண்டு. கோளாறுன்னு மட்டும் சொன்னாப் பத்தாது. காரணம் வேணும். முள்ளு ஏன் நிக்குது? உனக்குத் தெரியுமா?”

மேசை மேல் மீட்டர் இருந்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே முள்ளின் அடியில் ரோஜா நிறம் ஒரு கடுகளவு தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியல சார்” என்றாள்.

என் மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. அதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுத வேண்டும்: எனக்கு நிம்மதியாக இருந்தது.

“பொறுப்பாசிரியர்” என்றார் இணை இயக்குநர். “தேர்வு நாளன்னிக்கு முள்ளு எங்க நின்னுச்சு?”

கை பைக்குப் போயிற்று. காகிதத்தின் விளிம்பு விரலில் பட்டது.

“1.10-ல சார். ஆனா…”

“ஆனா வேண்டாம். இந்தப் பொண்ணும் அதையே எழுதியிருக்கு. ‘முள் 1.10-இல் நிற்கிறது.’ ரெண்டு பேரும் ஒத்துப்போறீங்க. அப்ப கண்ணால பார்த்ததைக் கட்டத்துல எழுத மறுத்திருக்கு.” அவர் எழுத்தரின் பக்கம் திரும்பி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: “பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவதே அறிவியல் மனப்பான்மை. மனுதாரரிடம் அது காணப்படவில்லை. மேல்முறையீடு தள்ளுபடி. போட்டுக்குங்க.”

எழுத்தர் போட்டுக்கொண்டார். இணை இயக்குநர் எழுந்து என் தோளில் தட்டினார். “இன்னும் அசையலையே! என்ன கைவேலை தம்பி!”

கடிதத்தை மடித்தபடியே வீட்டுக்குக் கொண்டுவந்து கோப்பில் வைத்தேன். வரிசை எண்ணும் போட்டேன்.

டிப்ளமா சேர்க்கை முடிந்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு பகல் நேரம், பேருந்து நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. சுவிட்சை அழுத்தினால் முனகியது, அவ்வளவுதான். அடுத்த பேட்டரிக் கடை இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் கிளம்பினேன். வெயில். ஆனால் அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

“சார், எங்க தள்ளிட்டுப் போறீங்க? இங்கதான் கடை இருக்குல்ல.”

அம்மா சரக்கு எடுக்கப் போயிருந்தாராம். கடையில் அவள் மட்டும்தான். சீருடை இல்லாமல் பெரியவளாகத் தெரிந்தாள். பேசாமல் ஸ்கூட்டரின் பக்க மூடியைக் கழற்றினாள். நான் நின்ற இடத்தில் நின்றேன்.

“அடுத்த வருஷம் பிராக்டிகல் மறுபடி எழுதலாம்” என்றேன்.

“எழுதுவேன் சார்.”

“என்ன எழுதுவே?”

“முள்ளு என்ன காட்டுதோ அதை.” ஸ்பேனரால் ஒரு போல்ட்டைத் தளர்த்தினாள். பிறகு வேலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “அந்த முள்ளுக்கு அடியில இருந்தது நகப்பூச்சுதானே சார்?”

ஒரு பேருந்து வந்து நின்று, ஆட்களை இறக்கி, கிளம்பிப் போயிற்று. அவள் அடுத்த போல்ட்டுக்குப் போனாள்.

“அன்னிக்கே தெரியுமா?”

“பரீட்சையிலயே தெரியும்.”

“பின்ன அங்க ஏன் சொல்லல? காரணம் சொல்லியிருந்தா மறுதேர்வு குடுத்திருப்பாங்களே. அவரே கேட்டாரே.”

“அந்தக் கலரு யாரோடதுன்னு ஸ்கூலுக்கே தெரியும் சார். நான் சொல்லியிருந்தா அக்காவுக்குத்தானே வேலை போயிருக்கும்?” துடைத்த கையைத் துணியில் மறுபடி துடைத்தாள். “உங்களுக்கா போயிருக்கும்?”

அதில் கோபம் இல்லை. பேட்டரியில் தண்ணீர் குறைகிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். பிறகு சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் பேட்டரியில் வைத்து, மீட்டரை என் பக்கம் திருப்பினாள்.

“படிங்க சார்.”

“ஒன்பது புள்ளி ஆறு.”

“பன்னெண்டரை இருக்கணும். மாத்தணும் சார் இதை, சார்ஜ் ஏறாது.” ஒரு சீட்டுக் கட்டையும் பேனாவையும் நீட்டினாள். “நீங்களே எழுதுங்க. தேதி, அளவு, கையெழுத்து.”

தேதியை எழுதினேன். அளவு என்ற கட்டத்துக்கு வந்ததும் கை தானாக ஓடியது. எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன். 12.5.

“சார்” என்றாள்.

அடித்துவிட்டு, மீட்டரை இன்னொரு முறை பார்த்து, 9.6 என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டுச் சீட்டைக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

“அடிச்ச இடத்துலயும் ஒரு கையெழுத்துப் போடணும் சார். அம்மா கேப்பாங்க.”

போட்டேன்.